வாலை எங்கே தள்ளினீர்கள்?

பச்சை விளக்கு எரிந்தபோது என் கையில் பால் விடாத கட்டஞ்சாயா இருந்தது. அதை நான் குடித்து முடிக்கவேயில்லை.

இடம், வண்டன்மேட்டை அடுத்த ஓர் ஏலத்தோட்டம். காலம், எழுபதுகளின் கடைசிப் பக்கம், காய் பறிக்கும் பருவம். மழை விட்டும் விடாததுமான ஒரு மத்தியானம். ஸ்டோர் வாசலில் நாங்கள் நான்கு பேர் நின்றும் உட்கார்ந்தும் இருந்தோம்.

ஸ்டோர் என்றதும் சமவெளிக்காரர்கள் பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்வார்கள். ஏலக்காட்டில் ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு. அதன் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே தரையை ஒட்டி ஓடும். மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், தட்டு நிறையப் பச்சைக் காய். கதவைத் திறந்தால் பாயசத்துக்குள் தலையை விட்டதுபோல ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். இரண்டாம் நாள் அந்த வாசனை தலைவலியாகிவிடும்.

வாசலில் ஒரு மர ஸ்டூல். அதன்மேல் நான் கஞ்சிக்கோட்டிலிருந்து சுமந்துபோன பெட்டி. பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் அறைக்குள் போயின. ஒன்றின் நுனி வெறுமனே தொங்கியது. மற்றொன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருந்தது. இரண்டின் சூட்டையும் வைத்து, காயிலிருந்து இன்னும் ஈரம் வெளியே வருகிறதா என்று பெட்டி கணக்குப் போடும். வருகிறவரை சிவப்பு. நின்றுவிட்டால் பச்சை.

“எரிஞ்சிருச்சு!” என்றார் முத்துலட்சுமியம்மா.

அவர் அந்த வீட்டின் மூத்த மருமகள். கணவர் தவறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியில் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது எங்க ஸ்டோருக்கு வருமா?” என்று கேட்டவர் அவர்தான். பெட்டியைப் பார்த்த எத்தனையோ பேரில், விலையைக் கேட்காமல் வேலையைக் கேட்டவர் அவர் ஒருவரே.

பக்கத்தில் நின்றவர் கொழுந்தன் ராசையா. ஸ்டோரை அதுவரை பார்த்துக்கொண்டவர். நாற்காலியில் இருந்தவர் மாமனார், கம்பத்துப் பக்கமிருந்து மலையேறி அந்தக் காட்டை உண்டாக்கியவர். எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். ஸ்டோரின் சாவியை அன்று அவர் தன் இடுப்பில் செருகியிருந்தார்.

விஷயம் அந்தச் சாவிதான். ராசையா பயந்த சுபாவம். காய் உலர்ந்த பிறகும் தீயை விடாமல் போட்டு, பச்சைக் காயை வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். ஏலம் விடுகிற இடத்தில் தட்டைப் பார்த்ததுமே வியாபாரிகள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். “நான் பார்க்கிறேன்” என்றார் மருமகள். வீடு இரண்டுபட்டது. கடைசியில் பெரியவர் ஒரு வழி சொன்னார்: இந்த ஓர் அறைக் காயை மருமகள் தன் இஷ்டப்படி உலர்த்தட்டும். பச்சை குலையாமல் இறங்கினால் சாவி அவளுக்கு. கெட்டால் ராசையாவுக்கே, அப்புறம் அவள் ஸ்டோர்ப் பேச்சை எடுக்கக்கூடாது.

“இம்புட்டுச் சீக்கிரமாவா?” என்றார் பெரியவர்.

“அதுக்குத்தான மாமா பெட்டி. வெறகும் மிச்சம்” என்ற முத்துலட்சுமியம்மா, அடுப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “தீய இழுங்கப்பா!”

ராசையா ஒன்றும் மறுக்கவில்லை. “பெட்டி சொன்னாச் சரிதான் மதினி. நான் என்னத்தக் கண்டேன்” என்று சிரித்தார். சாவியை இழக்கப்போகிறவர் சிரிக்கிற சிரிப்பாக அது எனக்குப் படவில்லை.

பெருக்கத் தெரியாத சில்லு

‘கஞ்சிக்கோட்டுக் காற்றைப் பற்றி எழுதினீர்கள், அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று சொல்லவில்லையே’ என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் அய்யனும் சாகும்வரை அதைத்தான் கேட்டார்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலையும் கரும்பும் போட்ட குடும்பம் எங்களுடையது. விடுமுறையில் வீட்டுக்குப் போனால் அய்யன் விசாரிப்பார். “ஏண்டா பழனிச்சாமி, அந்தப் பொட்டி மழ எப்ப வரும்னு சொல்லுமா?”

“சொல்லாதுங்க.”

“அப்பறம் என்ன எழவுக்கு அது?”

தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் போகும் சாலையில் இருந்தது. ஆலைகளில் சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கும் கருவிகள் செய்தோம். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சில்லு, அதுவே ஒரு கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தது. அதை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று என்னையும் விச்சுவையும் ஒரு மூலை அறையில் உட்காரவைத்தார்கள்.

விச்சு என்கிற விசுவநாதன் கல்பாத்திக்காரர். அக்ரஹாரத்துப் பழைய தமிழோடு மலையாளத்தைச் சரிபாதியாகக் கலந்து பேசுவார். நான் பேசுவது கொங்குத் தமிழ். முதல் ஆறு மாதம் நாங்கள் ஒருவரையொருவர் மரியாதையாகத் தவறாகப் புரிந்துகொண்டு காலம் தள்ளினோம்.

அந்தச் சில்லுக்குக் கூட்டவும் கழிக்கவும் தெரியும். பெருக்கத் தெரியாது. புள்ளி வைத்த எண் என்றால் என்னவென்றே தெரியாது. ஈரத்தின் கணக்குக்கோ e என்ற எண்ணின் அடுக்கு வேண்டியிருந்தது.

பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன். சூடு ஏற ஏறக் காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். ஆனால் ஒரே சீராக அல்ல, கூட்டுவட்டி மாதிரி, ஏறினதன் மேலேயே ஏறும். அந்த ஏற்றத்தைச் சொல்வதுதான் e-யின் அடுக்கு. கல்லூரியில் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணையைப் புரட்டினால் கிடைத்துவிடும். சில்லுக்கு அட்டவணை வைக்க இடம் கிடையாது. நாமே கணக்குப் போட்டுக் காட்டவேண்டும்.

அதற்கு ஒரு தந்திரம் உண்டு. சில்லுக்கு இரட்டிப்பதும் பாதியாக்குவதும் சுலபம். ஆகவே e-யின் அடுக்கை முதலில் இரண்டின் அடுக்காக மாற்றிக்கொள்வோம். வந்த அடுக்கில் ஒரு முழு எண்ணும் ஒரு பின்னமும் இருக்கும். முழு எண்ணுக்கு வேலையே இல்லை, புள்ளியை நகர்த்தி வைத்தால் போதும். பாடாய்ப் படுத்துவது பின்னம். அதையும் இரண்டாகப் பிரித்தேன்: பெரிய பகுதி தலை, மிச்சமிருக்கும் பொடி வால். தலைக்கு முதலில் கணக்குப் போடுவது. அதுவரை வாலை ஓரமாகப் பத்திரமாக வைத்திருப்பது. கடைசியில் வாலை எடுத்து, அதற்கு ஏற்றபடி விடையைச் சிறிது திருத்துவது.

வால் இல்லாவிட்டால் என்ன ஆகும்? விடை ஏறக்குறைய சரியாகவே வரும். ஆனால் சரிவாக ஏறி இறங்கவேண்டியது படிக்கட்டாகிவிடும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளு, எடு, தாவு, கூப்பிடு

சில்லுக்கு ஆணைகள் ஆங்கிலத்தில்தான். காலையிலிருந்து மாலைவரை அதையே ஓதினால் வாய் வறண்டுவிடும் என்று விச்சுதான் முதலில் தமிழாக்க ஆரம்பித்தார். ‘ஜம்ப்’ தாவு ஆயிற்று. ‘கால்’ கூப்பிடு ஆயிற்று. ஓர் எண்ணை வேறோர் அடுக்கின்மேல் (இது e-யின் அடுக்கு அல்ல) பத்திரப்படுத்தும் ‘புஷ்’ தள்ளு ஆயிற்று. அதைத் திரும்ப எடுக்கும் ‘பாப்’ எடு ஆயிற்று. அந்த அடுக்குக்கு மட்டும் ஸ்டாக் என்ற பெயரே நின்றுவிட்டது. சாப்பாட்டுத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது போலத்தான் அது. கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வரும்.

வேலை நடந்த விதம் இது. நான் ஆணைகளை எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பேன். விச்சு ஓர் அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றையும் எண்ணாக்கி எழுதுவார். பிறகு அந்த எண்களைப் பெட்டியின் பொத்தான்களை அழுத்தி ஒவ்வொன்றாக உள்ளே போடவேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. அதனால் பெட்டிக்குத் துணையாக ஒரு லாரி பேட்டரியும் எப்போதும் கூடவே இருக்கும்.

e-யின் அடுக்கை வாசித்த அன்று எனக்கு அவசரம். பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். காற்றில் ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாசித்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது விச்சு பூரித்துப்போயிருந்தார். “பழனிச்சாமி, புரோகிராம் நன்னாச் சின்னதாயிடுத்து. கடைசியில ஒரு திருத்தல் வச்சிருந்தேளே, அதுக்கு அவசியமே இல்லை. எடுத்துட்டேன்.”

சின்னதானால் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். சோதித்துப் பார்த்தோம். e-யின் வர்க்கம், ஏட்டில் 7.39. பெட்டி 7.38 என்றது. கடைசி இலக்கம் ஒன்று முன்னே பின்னே இருப்பது எல்லா யந்திரத்திலும் உள்ளதுதான்.

“சாரமில்லை” என்றார் விச்சு. மலையாளத்தில் ‘பரவாயில்லை’. அவர் அகராதியில் மிக அதிகம் தேய்ந்த சொல் அது.

கேரளத்திலிருந்து கேரளத்துக்கு

பாலக்காட்டிலிருந்து வண்டன்மேட்டுக்குப் போக எங்கள் பக்கத்து வழி தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஏறுவதுதான். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி, கம்பம். அங்கிருந்து கொண்டை ஊசிகளில் பஸ் முக்கிக்கொண்டு மலையேறும். மேலே மறுபடியும் கேரளம் தொடங்கும் இடத்தில் செக்போஸ்ட்.

பெட்டியைப் பார்த்ததும் அங்கிருந்தவர் என்னை இறக்கிவிட்டார். “எந்தா இது?”

“கணக்குப் போடுற பெட்டிங்க.”

“அப்படியா? ரெண்டும் ரெண்டும் கூட்டிக் காட்டு.”

அதுதான் முடியாது. e-யின் அடுக்கு தெரியும், உலர்ந்த காற்றும் ஈரக் காற்றும் தெரியும். யாராவது வந்து இரண்டும் இரண்டும் கேட்பார்கள் என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். லாரி பேட்டரியை அதைவிடச் சந்தேகமாகப் பார்த்தார். பஸ் டிரைவர் ஹாரனை அடித்து அடித்துத்தான் என்னை மீட்டார்.

நின்று நின்று தாவிய எண்

பச்சை விளக்குக்குத் திரும்பி வருகிறேன்.

தீயை இழுத்தாயிற்று. கொள்ளிகளைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் ஓசை கேட்டது. எல்லாரும் அறை ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். எனக்கு வேலையில்லை. வேலையில்லாதவன் எண்ணைப் பார்ப்பான். பெட்டியின் முகப்பில் ஈரத்தின் அளவு சிவப்பு எண்களாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஓடவில்லை. நின்றது. வெகுநேரம் ஒரே எண்ணில் நின்றது. பிறகு ஒரு தாவல். மறுபடி நின்றது. மறுபடி அதே அளவுக்கு ஒரு தாவல்.

ஈரத்துணி காய்ந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். நனைந்துதான் இருந்தது. ஒயர் தளர்ந்திருக்குமோ என்று ஆட்டிப் பார்த்தேன். எண் அசையவில்லை, தன் நேரம் வந்ததும் தாவியது.

சூடு ஆறுவது இப்படி ஆறாது. அது சரிவில் இறங்குகிற தண்ணீர். இதுவோ படியில் இறங்குகிற ஆள் மாதிரி இருந்தது.

வாலும், விச்சு எடுத்துவிட்ட அந்தத் திருத்தலும் எனக்கு நினைவுக்கு வந்தன. மூன்று முறை அடுத்தடுத்து அளந்து வித்தியாசம் இல்லையென்றால் ‘ஈரம் நின்றுவிட்டது’ என்று பச்சை விளக்கைப் போடு. இதுதான் நாங்கள் பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தது. சரிவில் அது சரியான கேள்வி. படிக்கட்டில் ஒரே படியில் நின்றுகொண்டு மூன்று முறை கேட்டாலும் வித்தியாசம் இல்லையென்றுதான் பதில் வரும். காய் உலரவில்லை. பெட்டி ஒரு படியில் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

அரைகுறை ஈரத்தோடு ஆறினால் காய் மஞ்சள் பூக்கும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். ராசையாவின் சிரிப்பு இப்போது எனக்குப் புரிந்தது. ஸ்டோரில் இத்தனை வருஷம் நின்றவருக்கு நேரம் போதவில்லை என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தே பேசாமல் இருந்தார்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால்தான் சொல்லவேண்டி வந்தது.

“ஏனுங்கம்மா, தீயத் திருப்பிப் போடச் சொல்லுங்க. பெட்டி தப்பாச் சொல்லிருச்சுங்க.”

முத்துலட்சுமியம்மாவின் முகம் கறுத்துவிட்டது. “அப்ப இந்தப் பெட்டி பொய் சொல்லுதா?”

“பொய் இல்லீங்க. முழுசாச் சொல்லல.”

“நான் அப்பவே நெனச்சேன்” என்றார் ராசையா.

“நெனச்சத வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல தம்பி? காய் என்ன எனக்கு மட்டுமா காய்ச்சுச்சு?” என்று அவர் பக்கம் திரும்பாமலே கேட்டார் முத்துலட்சுமியம்மா. பிறகு அடுப்படிக்கு நடந்தார். இழுக்கச் சொன்ன அதே குரலில், அதே சத்தத்தில் சொன்னார். “நாந்தான் இழுக்கச் சொன்னேன், நாந்தான் மாத்திச் சொல்றேன். காஞ்ச வெறகாப் பாத்து அடுக்குங்கப்பா. கதவத் தொறக்காதீக.”

ஆள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னதை மாற்றிச் சொல்கிற முதலாளியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது. என்மேல் எனக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

என்னிடம் வந்து, “தப்பு எங்கன இருக்குன்னு தெரியுமா தம்பி?” என்றார்.

“தெரிஞ்சவரு கஞ்சிக்கோட்டுல இருக்காருங்க. போன் பண்ணணும்.”

டிரங்க் கால்

ஜீப்பில் தபாலாபீஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். டிரங்க் கால் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். மணியார்டர் அனுப்பவும் தந்தி கொடுக்கவும் கூட்டம் நின்றது. ஈரச் சட்டைகளும் ஏலக்காயும் சேர்ந்த வாசனை. லைன் கிடைத்ததும் எல்லாருக்கும் கேட்கக் கத்தவேண்டியிருந்தது.

“விச்சு சார், வால என்ன பண்ணுனீங்க?”

“எந்த வாலை ஓய்?”

“பின்னத்தோட வாலுங்க. e அடுக்குல! வாலத் தள்ளிருங்கன்னு சொன்னனுங்களே?”

“தள்ளியாச்சே!”

“எங்க தள்ளுனீங்க?”

“எங்கேயா? இதென்ன கேள்வி? தள்ளறதுன்னா தள்ளறதுதான். ஒட்ட நறுக்கிக் களைஞ்சாச்சு.”

“அய்யோ, ஸ்டாக்குலதானுங்க தள்ளச் சொன்னேன்!”

மறுமுனையில் விச்சு என் தாளைத் தேடி எடுத்தார் போலிருக்கிறது.

“புஷ்ஷா?” என்றார் விச்சு, குரல் இறங்கி.

“ஆமாங்க. தினம் அப்படித்தானுங்க சொல்றோம்.”

“தினம் ‘ஸ்டாக்குல தள்ளுங்க’ம்பேள். அன்னிக்கு மொட்டையா ‘தள்ளிருங்க’ன்னுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேள். ஒண்ணைத் தள்ளிடுன்னா எங்காத்துல தூரக் களையறதாக்கும். மனுவைத் தள்ளினான், கேஸைத் தள்ளினான்னு கோர்ட்டுல சொல்றாளே, அவாள்ளாம் ஸ்டாக்குலயா தள்றா?”

“அப்ப கடைசியில வச்சிருந்த திருத்தல்?”

“வாலே இல்லாதவனுக்கு வாலுக்கு எண்ணெய் எதுக்குன்னு அதையும் எடுத்துட்டேன்.”

“எந்து வாலா சாரே?” என்று ஊடே ஒரு குரல் கேட்டது. எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

யார் பக்கம் தப்பு என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தீர்ப்பு இல்லை. அன்று அதற்கு நேரமும் இல்லை; ஒரு வீட்டின் ஸ்டோர்ச் சாவியே இதில்தான் தொங்குகிறது என்று மட்டும் சொன்னேன். நான் எழுதிய தாள் விச்சுவிடம் இருந்தது. எடுத்த இடத்தில் மறுபடி சேர்க்கவேண்டிய எண்களை அவர் போனிலேயே சொல்லவேண்டும்.

அதில் ஒரு சிக்கல். அந்த எண்களில் பத்து இலக்கங்கள் போக, ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் வரும். டிரங்க் லைனில் பி, சி, டி, ஈ எல்லாம் ஒரே ‘ஈ’யாகத்தான் காதில் விழும். ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி எங்காவது தாவிப் போய்விடும். அதனால் ஊர்ப்பெயர் வைத்துக்கொண்டோம். ஆலத்தூர், பவானி, சித்தூர், தேவிகுளம், ஈரோடு. எஃப்புக்கு எனக்கு ஊர் தெரியவில்லை. “ஃபரோக்! கோழிக்கோட்டுக்கு முன்னாடி ஸ்டேஷன், பார்த்ததில்லையோ?” என்றார் விச்சு.

“சொல்லுங்க.”

“தேவிகுளம், அஞ்சு. அதாக்கும் உங்க தள்ளு.”

“தேவிகுளம், அஞ்சு.”

“சித்தூர், தேவிகுளம். கூப்பிடு.”

“சித்தூர், தேவிகுளம்.”

“கடைசியில தேவிகுளம், ஒண்ணு. அது எடு. எடுக்காம விட்டுடாதேயும், ஸ்டாக்கு கவுந்துடும்.”

வரிசையில் நின்ற ஒரு பெரிய மனிதர் கரிசனமாக என் தோளைத் தொட்டார். “தம்பி, சித்தூர்லருந்து தேவிகுளத்துக்கு ஈரோடு எதுக்கு? அங்கிட்டுச் சுத்தாதீக. உடுமலையில ஏறி மூணாறு வழியா விடுங்க.”

நன்றி சொல்லி எழுதிக்கொண்டேன். வழியை அல்ல, எண்களை.

ஸ்டூலின் மேல்

திரும்பியபோது ஸ்டோர்ப் புகைபோக்கியில் புகை நன்றாகவே வந்துகொண்டிருந்தது. முத்துலட்சுமியம்மா அடுப்புக்கு எதிரே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் ஊர்ப்பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே பொத்தான்களை அழுத்தினேன். அவர் எழுந்துவந்து பார்த்தார்.

“என்னய்யா, சாமி கும்புடுறீகளா?”

“ஏறக்குறைய அப்படித்தானுங்க.”

கடைசிப் பொத்தானை அழுத்தி ஓடவிட்டேன். பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. எண் நகர்ந்தது. நிற்கவில்லை, தாவவில்லை. கடைசி இலக்கம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்று விடாமல் மாறிக்கொண்டே இறங்கியது. அத்தனை அழகான ஒன்றை நான் அந்த மலையில் வேறெங்கும் பார்க்கவில்லை. மலைக்காட்சியை ரசிக்க வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் பச்சை விளக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை முத்துலட்சுமியம்மா உடனே குரல் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் எண்ணைப் பார்த்தேன். அது நிஜமாகவே நின்றிருந்தது. தலையாட்டினேன்.

தட்டுகள் இறங்கின. கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்றது. நிறம், பறித்த அன்றைய பச்சையிலிருந்து அரை மாற்றுக் குறைவு, அவ்வளவுதான். வேலையாள்கள்கூட ஒரு நிமிஷம் கைவேலையை விட்டுப் பார்த்தார்கள்.

ராசையா ஒவ்வொரு தட்டாகக் கிளறிக்கொண்டு போனார். கதவை ஒட்டிய கீழ்த்தட்டில் அவருக்கு வேண்டியது கிடைத்தது. தீ இல்லாத நேரத்தில் குளிர் முதலில் அங்கேதான் தட்டியிருக்கவேண்டும், சில கைப்பிடிக் காய் மஞ்சளாகியிருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“பெட்டி செஞ்ச வேலை அய்யா.”

பெரியவர் காயைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கெட்டால் சாவி ராசையாவுக்கு என்பது அவரே சொன்ன சொல். கெட்டது கொஞ்சமா நிறையவா என்று அதில் இல்லை.

முத்துலட்சுமியம்மா மறைக்கவில்லை. “ஆமா மாமா, பெட்டி தப்புப் பண்ணுச்சு. அதக் கேட்டு நானும் தப்புப் பண்ணுனேன். எங்கன தப்புன்னு ஒரு மத்தியானத்துல கண்டுபிடிச்சுத் திருத்தியாச்சு. தம்பி வருசா வருசம் தீயப் போட்டுக் காய வெளுக்க வைக்கிறாரு. எங்கன தப்புன்னு கேட்டா அவருக்குக் கோவம்தான் வருது.”

ராசையா கையிலிருந்த காயைக் கீழே போடவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பெரியவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். ஸ்டூலின்மேல், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒற்றை விரலால் அதைத் தள்ளினார்.

அந்தப் பெட்டி வியாபாரமாகவில்லை. ஏலக்காட்டில் மின்சாரம் வந்து போகிற லட்சணத்தில் லாரி பேட்டரியோடு ஒரு கருவியை யார் வாங்குவார்கள் என்று மேலிடத்தில் கேட்டார்கள். அடுத்த வேலையைக் கொடுத்தார்கள், அதைச் செய்தோம்.

ஆனால் நான் கஞ்சிக்கோட்டுக்குத் திரும்பிய அன்று, பையை இறக்கி வைக்கும் முன்பே விச்சு ஓடிவந்தார். காய் என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. தன்னால் ஒரு குடும்பத்தில் வந்த வினையை நினைத்து அவர் அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

“சாவி என்ன ஆச்சு ஓய்?”

“பெரியவரு தள்ளிட்டாருங்க.”

விச்சுவின் முகம் விழுந்துவிட்டது. “ஐயோ, பாவமே!” என்று நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நான் பையின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையை நிமிர்த்தினார்.

“எங்கே தள்ளினார்?”

“அந்தம்மா பக்கம்.”

விச்சு எழுந்து, மேஜைமேல் இருந்த என் தாளை எடுத்து, அதில் ‘தள்ளு’ என்றிருந்த இடங்களையெல்லாம் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு ‘வை’ என்று எழுத ஆரம்பித்தார்.